பதினேழாவது வாக்கியம்

நாற்பது வாக்கியங்கள். மணிக்கு இருபத்திரண்டு வெள்ளி.
ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு நான் கொண்டுவர வேண்டும்.
ஜூரோங்கில் முகம் தெரியாத ஒருவர்
அதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார்.
நாங்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி.
போனதும் வந்ததும் ஒன்றாயிருந்தால்
வாக்கியம் பிழைத்தது.

முதல் வாரம் சுலபம்.
நான் தூங்கவில்லை. நான் யாரிடமும் பேசவில்லை.
தமிழில் நானுக்கு ஆணில்லை, பெண்ணில்லை,
அழுதேன் என்றால் அழுதேன்தான்.
அடுத்தவர் வாய் திறக்கும்போதுதான்
வந்தானா வந்தாளா என்று
வினைச்சொல்லின் வாலில்
விசாரணை தொடங்குகிறது.

மனச்சோர்வு என்று எழுதியிருந்தேன்.
படிவத்தைச் சோதித்துப் பார்க்க வந்த மாதங்கி
(என்னைவிட மூன்று வயது இளையவர்,
ஓட்டல் சலவையறையில் இரவு வேலை)
பேனா முனையால் அந்தச் சொல்லைத் தட்டினார்.
"இது பேப்பர்ல வர்ற வியாதி.
எனக்கு வர்றது வேற."

என்ன வருது?

"லிஃப்ட் வந்து நிக்கும். கதவு தொறக்கும்.
உள்ள ஆள் இருக்கும்.
நீங்க போங்கன்னு கை காட்டிருவேன்.
பன்னெண்டு மாடி, படிக்கட்டு.
இதுக்கு ஒரு பேரு வைங்க."

வைக்கத் தெரியவில்லை.
ஓரத்தில் குறித்துக்கொண்டேன்: லிஃப்ட்.

பலதுறை மருந்தகத்தில் எண்ணைத்தான் கூப்பிடுவார்களாம்.
"அந்த அரை மணி நேரம் நிம்மதி.
நூத்தி எழுபத்தி நாலு, அவ்ளோதான் நான்.
அறைக்குள்ள போனதும் அட்டையில இருக்கிற பழைய பேரு."
மனநல ஆலோசகரிடம் எட்டுத் தடவை போனாராம்.
"ஏழு தடவை நான்தான் அவங்களுக்குப் பாடம் எடுத்தேன்.
எட்டு தடவையும் பீஸ் நான்தான் கட்டினேன்."
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
டாக்டர் நட்ஹிரா சிரிக்கவில்லை.
எழுதிக்கொண்டிருந்தார்.

பதினேழாவதில் மாட்டிக்கொண்டோம்.

'என் உடம்பில் நான் குடியிருக்கிறேன்' என்று அனுப்பினேன்.
ஜூரோங்கிலிருந்து
'வாடகைக்கு இருக்கிறேன்' என்று திரும்பி வந்தது.
சுற்றிலும் சிவப்பு வட்டம்.
'என் உடம்பு எனக்குச் சொந்த வீடு' என்று மாற்றினேன்.
சொத்து என்று வந்தது.
'உடம்பு எனக்கு ஒத்துப்போகிறது' என்றேன்.
மருந்து ஒத்துக்கொண்டதாகப் புரிந்துகொண்டார் அவர்.
மூன்று நாள், ஒரே வாக்கியம்.
வாம்போவில் கோப்பி ஆறிப்போனது.
ஜூரோங்கில் இருப்பவரும் இப்படித்தான்
என்னைத் திட்டிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது.

மாதங்கியிடம் மூன்றையும் காட்டினேன்.
முதலாவதிலேயே விரலை வைத்தார்.

"இதுல என்ன தப்பு?
முப்பத்தஞ்சு வயசு எப்ப ஆகும்னு காத்திருந்து,
அப்புறம் பணத்துக்குக் காத்திருந்து
வீவகல ரெண்டறை வாங்கினேன்.
அதுவும் தொண்ணூத்தொன்பது வருஷக் குத்தகைதான்.
இந்த ஊர்ல யாரு வீடு யாருக்குச் சொந்தம்?
ஆனா சாவி என்கிட்ட.
செவுத்துக்கு என்ன கலர்னு பெயிண்டர் என்னைத்தான் கேட்டான்."

பிறகு கட்டங்களைப் பார்த்தார்.
ஒருபோதும் இல்லை. எப்போதாவது. அடிக்கடி. எப்போதும்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
கோட்டின் மேலேயே குறி போட்டார்.
கணினி அதை ஏற்கவில்லை.
விடை இல்லை என்று பதிந்துகொண்டது.

கடைசிப் படிவத்தில் அந்த வாக்கியம் கிடையாது.
இரு மொழியிலும் நிற்கவில்லை, எடுத்துவிட்டார்கள்.
டாக்டர் என்னிடம் மன்னிப்பு கேட்பதுபோல் சொன்னார்.
அறிக்கையில் லிஃப்டைப் பற்றி ஒரு பத்தி இருக்கும் என்றும் சொன்னார்.

எண்களைச் சரிசெய்வது என் வேலை.
பதினாறுக்கு அடுத்து இப்போதும் பதினெட்டு நிற்கிறது.
மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.
நிரப்புகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு கணம்
பேனாவை நிறுத்துகிறார்களாம்.
தாளைத் திருப்பிப் பார்க்கிறார்களாம்,
பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.